என் கிராபிக்ஸ் கார்டு 108 டிகிரி வரை போன கதை

போன அக்னி நட்சத்திரத்தில் நடந்தது. வேலூரில் எங்கள் மாடி அறையில் இரவு ஒன்பது மணிக்கும் 36 டிகிரி. கம்ப்யூட்டரில் சைபர்பங்க் 2077 கேமை ஆரம்பித்தால் முதல் பதினைந்து நிமிடம் ஒரு குறையும் இருக்காது. அப்புறம் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பிக்கும். 65-ல் ஓடிக்கொண்டிருந்த எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 40-க்கு இறங்கி, படம் விட்டு விட்டு நகரும். விளையாட்டை மூடி, பத்து நிமிடம் ஆறவிட்டுத் திறந்தால் மறுபடியும் நன்றாக ஓடும். அதனால்தான் டிரைவர் மென்பொருளை விட்டுவிட்டு சூட்டைச் சந்தேகப்பட்டேன்.

என்னிடம் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கடைக்குக் கொண்டுபோனேன். கழற்றிக்கூடப் பார்க்காமல், "சிப் போயிடுச்சு தம்பி, வேற கார்டு போட்டுக்கோங்க" என்றார்கள். ஆறினால் ஓடுகிற சிப் எப்படிப் போயிருக்கும்? மனசு ஒப்பவில்லை, வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

வெப்பநிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு அரை மணி நேரம் விளையாடினேன். ஜிபியு (கார்டின் முக்கிய சிப்) வெப்பநிலை 84. ஹாட்ஸ்பாட் 108. சிப் ஓடும் வேகமான கிளாக் 1900 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1400-க்கு விழுந்திருந்தது. 3060-க்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 93 டிகிரி என்பதால், 84-ஐ மட்டும் பார்த்தால் பயமே வராது. ஆனால் ஹாட்ஸ்பாட் என்பது சிப்புக்குள் இருக்கும் சென்சார்களில் எது அதிகம் காட்டுகிறதோ அந்த எண். இரண்டுக்கும் நடுவே 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். எனக்கு 24. சிப்பின் ஏதோ ஓர் இடத்திலிருந்து சூடு, அதை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

கார்டைக் கழற்றும் முன் ஒரு சின்ன சோதனை செய்தேன். கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்துவைத்து அதே இடத்தை மறுபடி விளையாடினேன். எட்டு பத்து டிகிரி குறைந்தால் கேபினெட்டில் காற்றோட்டம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்குக் குறைந்தது மூன்றுதான், வித்தியாசமும் அப்படியே 24-ல் நின்றது. தூசியும் பெரிதாக இல்லை. (புளோயர் அடிப்பவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.)

கடைசியில் ஹீட்சிங்கைக் கழற்றினேன். சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு ஸ்க்ரூ, குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஃபேன் வயரை அதன் கனெக்டரைப் பிடித்தே இழுக்க வேண்டும், வயரை இழுத்தால் பிய்ந்துவிடும். உள்ளே பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் முழுக்க ஓரத்துக்கு ஒதுங்கி, கோடையில் வெடித்த ஏரி மண் மாதிரி காய்ந்து கிடந்தது. சிப்பின் நடுவில் கண்ணாடி போலப் பளபளக்கும் இடத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வருடக்கணக்கில் பேஸ்ட் இப்படி வெளியே தள்ளப்படுவது உண்டு.

ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பேஸ்டைச் சிப் முழுக்க மெல்லியதாகப் பரப்பினேன். இதுவரை சரி. ஆறு மெமரி சிப்புகளின் மேலும் இருந்த பேடுகள் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டுகள்) எண்ணெய் கசிந்து பிய்ந்துபோயிருந்தன. கைவசம் 1.5 மில்லிமீட்டர் பேடு இருந்தது, அதை வெட்டி ஒட்டிவிட்டேன். பூட்டி ஓடவிட்டால் ஒரே நிமிடத்தில் 90! உடனே அணைத்துவிட்டு மறுபடி கழற்றினேன். புதுப் பேஸ்டில் ஹீட்சிங் பட்ட தடம் ஒரு மூலையில் மட்டும்தான் இருந்தது. பழைய பேடு 1 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் கூடிப்போனதால் ஹீட்சிங் தூக்கிக்கொண்டு சிப்பின் மேல் உட்காரவே இல்லை. தயவுசெய்து பழைய பேடின் நசுங்காத ஓரத்தை வெர்னியரில் அளந்த பிறகே புதியது வாங்குங்கள்.

சரியான பேடு போட்டதும் அதே அறை, அதே விளையாட்டு: 73, ஹாட்ஸ்பாட் 85. வித்தியாசம் 12-க்கு வந்துவிட்டது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அதற்குப் பிறகுதான் அண்டர்வோல்ட் செய்தேன், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தேன். பேஸ்ட் போயிருக்கும்போது அதைச் செய்வது நோயை மறைக்கும் மாத்திரை மாதிரி, அதனால் முதலில் தொடவில்லை. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 875 மில்லிவோல்ட்டுக்கு 1800 மெகாஹெர்ட்ஸ் வைத்தேன். 170 வாட் இழுத்த கார்டு இப்போது 135-ஐ ஒட்டி ஓடுகிறது. எஃப்பிஎஸ் இரண்டு மூன்றுதான் குறைந்தது, சூடு இன்னும் ஐந்து டிகிரி இறங்கியது. ஒவ்வொரு சிப்பும் தாங்குவது வேறு, என் எண்ணை அப்படியே போடாமல் ஒவ்வொரு முறையும் 25 மில்லிவோல்ட் மட்டும் குறைத்துப் பாருங்கள்.

உங்கள் கார்டில் ஜிபியுவுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு வருகிறது? அறை வெப்பத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊட்டியில் இருப்பவரின் 70-ஐயும் வேலூரின் 70-ஐயும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது.