பழைய எஸ்யூவியில் கியர் மாறும்போது ஜெர்க்: கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

ஏற்காட்டுப் பயணி

வணக்கம். என்னிடம் இருப்பது 2010ஆம் ஆண்டு வாங்கிய டீசல் எஸ்யூவி. ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம், இதுவரை 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதங்களாக, இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் வண்டி குலுங்குகிறது. சிக்னலில் நின்று கிளம்பும் நொடியில் அடியிலிருந்து ‘டொக்’ என்றொரு சத்தமும் வருகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் குலுக்கல் இன்னும் கூடுகிறது. பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று 1,20,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கியர் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று வாங்கும்போது சொன்னதால் இதுவரை மாற்றியதில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பட்டறை அனுபவம்

யாருடைய ஆயுளுக்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், ஐயா. முதலில் ஆயிலைப் பாருங்கள். உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இருந்தால், அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் மீண்டும் ‘பி’யில் (பார்க்கிங்) வைத்து, எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும், சில தயாரிப்பாளர்கள் ‘என்’னில் (நியூட்ரல்) பார்க்கச் சொல்வதால் கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள். குச்சியின் நுனியை வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி எடுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பேறிக் கருகிய வாடை அடித்தால் ஆயில் வெந்துவிட்டது என்று பொருள். பால் கலந்த ரோஸ் நிறமாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் கசிந்து தண்ணீர் கலந்திருக்கிறது; அந்த நிலையில் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

சிவப்பு ஆயில்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் அல்ல. கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கிப் பிறகு எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகளே தீர்மானிக்கின்றன (1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதற்குத் திமிங்கில எண்ணெயையே சேர்த்தார்கள்). எனவே கையேட்டில் குறித்த தரத்தை மட்டுமே ஊற்றுங்கள்.

அடிப்பாத்திரத்தைக் கழற்றி வடித்தால் பத்து லிட்டரில் நான்கு லிட்டர்தான் வரும். மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்து ஃப்ளஷ் செய்வதை, இத்தனை ஆண்டு மாற்றாத வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அடியில் படிந்திருக்கும் கசடு கிளம்பி, ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பாடியின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளலாம். சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று முறை வடித்து ஊற்றினால் ஏறத்தாழ 78 விழுக்காடு புதிதாகிவிடும். வடிக்கும்போது பாத்திரத்திலுள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் உலோகச் சிம்புகள் இருந்தால், பட்டறைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அடிச்சட்டம்

அந்த ‘டொக்’ சத்தம் கியர்பாக்ஸிலிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. நிற்கும்போதும் கிளம்பும்போதும் பின்பக்கம் அமுங்கி எழுவதால், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில், சறுக்கி நகரும் இணைப்பான ஸ்லிப் யோக் முன்னும் பின்னும் நகர வேண்டும். அதில் கிரீஸ் வறண்டிருந்தால் சிக்கிச் சிக்கி விடுபடும்போது இதே சத்தம்தான் வரும். அதே ஷாஃப்ட்டின் மூட்டுகளான கிராஸ் ஜாயின்ட்டுகளையும் கையால் முறுக்கி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி வலுவிழந்திருந்தாலும், கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்வால்வுகளான சொலினாய்டுகள் சரியாக வேலை செய்யாமல் ஜெர்க் வருவதுண்டு. எதையும் பிரிக்கும் முன் ஸ்கேனரை மாட்டி, கியர்பாக்ஸ் கோளாறைக் காட்டும் பி0700 வரிசையில் குறியீடு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டுப் பயணி

அனைவருக்கும் நன்றி. காகிதத்தில் ஒற்றியபோது ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது; காந்தத்தில் களிம்பு மட்டுமே, சிம்பு இல்லை. ஸ்கேனரில் குறியீடு எதுவும் வரவில்லை. ஸ்லிப் யோக்கில் கிரீஸ் ஏற்றிய அன்றே ‘டொக்’ சத்தம் நின்றுவிட்டது. இரண்டு முறை ஆயில் மாற்றியாயிற்று. சூடான பிறகு மூன்றாம் கியர் அமைதியாக விழுகிறது. காலையில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் மெல்லிய குலுக்கல் எஞ்சியிருக்கிறது. மூன்றாம் முறை மாற்றியும் அது நீடித்தால் சொலினாய்டுகளைச் சோதிக்கக் கொடுக்கிறேன்.