தனுஷ்கோடி காலியானது புயலால் மட்டும்தானா?

மதுரைக்காரி:
போன வாரம் குடும்பத்தோடு தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போய் வந்தோம். இடிந்த தேவாலயத்துப் பக்கம் கூட்டிப்போன பையன், "ஒரே ராத்திரியில ஊரே கடலுக்குள்ள போயிருச்சுக்கா" என்று ஒரு வரியில் முடித்துவிட்டான். ஆனால் சுவர்கள் நிற்கின்றனவே, மணலும் இருக்கிறதே! சுனாமி அடித்த நாகப்பட்டினம் மறுபடி எழுந்தது. இந்த ஊர் மட்டும் ஏன் எழவில்லை? அதைவிட, இரண்டு பக்கமும் கடல் இருக்கும் அந்த முனையில் ஊர் எதற்காக முளைத்தது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஊர்சுற்றி 77:
1964 புயல்தான் அக்கா. ரயிலையே அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன் பெரிய துறைமுகம். விவேகானந்தர் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது இறங்கியதே அங்கேதான்.

ரிட்டயர்டு கார்டு:
தம்பி, விவேகானந்தர் 1897 ஜனவரியில் இறங்கியது பாம்பனில். தனுஷ்கோடிக்கு அப்போது தண்டவாளமே போகவில்லை. இதை எத்தனை பேருக்குத்தான் திருத்துவது!

சரி, கேள்விக்கு வருகிறேன். என் அம்மா பிறந்தது அந்த மணலில்தான். பெரிய மாமா துறையில் மூட்டை தூக்கியவர். நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் இரண்டு பக்கத்துக் கதையும் கேட்டு வளர்ந்தேன்.

அந்த ஊரை உண்டாக்கியது ரயில்தான் அம்மா. அதற்கு முன்னால் கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். அப்புறம் எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறினால் நேராகத் தனுஷ்கோடித் துறை, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். கடலில் போக வேண்டியது 30 கிலோமீட்டர் சொச்சம்தான். ஸ்டேஷன், சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இந்தப் போக்குவரத்தை நம்பி வந்தவை. மெயில் வருகிற நேரம் ஊர் திருவிழா மாதிரி இருக்குமாம். கப்பல் போன பிறகு கருவாடு காயும், நாய் தூங்கும் என்பார் மாமா.

1964 டிசம்பர் 22 ராத்திரி. வவுனியா பக்கம் இலங்கையைக் கடந்த புயல் நேராக இங்கே வந்தது. அலை 20 அடிக்கு மேல் எழும்பியதாகச் சொல்வார்கள். பாம்பனிலிருந்து 653 பாசஞ்சர் 11:55க்குப் புறப்பட்டது. தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி இறங்கவில்லை. டிரைவர் கொஞ்சம் காத்திருந்து, விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்பது எங்கள் ஆட்கள் வழிவழியாகச் சொல்வது. அலை வண்டியையே அடித்துப் போனது. அதில் இருந்தவர்கள் பயணிகள் 110, ஊழியர்கள் 5 என்று கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களை யார் எண்ணியது? நான் வேலை பார்த்த காலத்தில், மழை ராத்திரியில் சிக்னலுக்காக வண்டி நிற்கும்போதெல்லாம் அந்த வண்டியின் கடைசிப் பெட்டியில் விளக்கோடு உட்கார்ந்திருந்த மனிதர்தான் நினைவுக்கு வருவார்.

எல்லாரும் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இனிமேல்தான் உங்கள் கேள்விக்குப் பதில். பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களில், 126 அடித்துப் போயின. அதைச் சரிசெய்ய அனுப்பப்பட்டவர் ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன். அப்போது வயது 32. 46 நாளில் பாலத்தில் ரயில் ஓடியது! ஆனால் அந்த ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பிரிந்த தடத்தை மறுபடி போடவே இல்லை. தலைமன்னார்க் கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறியது. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. நாகப்பட்டினத்துக்குப் பின்னால் வயல் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. இங்கே ரயிலும் கப்பலும் சுங்கமும் போன பிறகு மிச்சம் என்ன? மூட்டையே வராத துறையில் மாமா யாருக்குச் சுமப்பார்? புயலில் தப்பியும் அவர் ஊரை விட்டது அதனால்தான்.

அந்த அறிவிப்பு தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த ஒல்லி மணல்திட்டில் பிள்ளைகுட்டியோடு மறுபடி படுக்க அம்மாவே சம்மதித்திருக்க மாட்டாள். ராமேஸ்வரத்தில் கடைசி வரை இருந்தாள், ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

மதுரைக்காரி:
இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி ஐயா. இன்னொரு சந்தேகம். சுற்றிலும் உப்புத் தண்ணீர். அத்தனை பேர் குடிக்க என்ன செய்தார்கள்?

கச்சான்:
அக்கா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று. காலியான ஊர், பேய் ஊர் என்று எழுதாதீர்கள். நாங்கள் அங்கேதான் ஓலை வீட்டில் இருக்கிறோம். ஆபீஸ்காரர்கள் போனார்கள், மீன்பிடிக்கிறவன் எங்கே போவான்? வடக்கே பாக் நீரிணை, அதைப் பெண் கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். ஒன்று சீறினால் இன்னொன்றில் வலை போடலாம். இந்த வசதி வேறு எந்தக் கரையில் கிடைக்கும்?

தண்ணீர் ஊற்றுத் தண்ணீர்தான். மணலைக் கையால் நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். கொட்டாங்கச்சியால் மெதுவாக மொண்டுதான் குடம் நிரப்ப வேண்டும். அவசரக்காரனுக்கு ஊற்று ஆகாது என்பாள் எங்கள் ஆச்சி.

2017இல் தார் ரோடு வந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அப்புறம் மணலில் ஜீப்போ வேனோ பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடைதான். இப்போது பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் வீட்டு வாசலில் நின்று "யாருமே இல்லாத ஊர்" என்று வீடியோ எடுக்கிறார்கள். பின்னால் கொடியில் எங்கள் துணி காய்வது அதில் தெரியும்.

ரிட்டயர்டு கார்டு:
வாங்க தம்பி, காலி என்று தலைப்பிலேயே இருக்கிறது, நானும் அதைத் திருத்தாமல் போய்விட்டேன். ராமேஸ்வரத்திலிருந்து மறுபடி ரயில் விடப்போவதாக 2019இல் அடிக்கல் நாட்டினார்களே, உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள்?

கச்சான்:
ரயில் வந்தால் சந்தோஷம்தான் ஐயா, கருவாடு ஏற்றலாம். அதற்காக எங்களை எழுந்திரு என்று சொல்லாமல் இருந்தால் சரி.

மதுரைக்காரி:
தலைப்பு வைத்தது நான்தான், மன்னிக்கவும். அடுத்த முறை வரும்போது ஊற்றைப் பார்க்க முடியுமா தம்பி?

கச்சான்:
தாராளமாக அக்கா. சங்கு, பாசிமணி விற்கும் பெண்களிடம் கேளுங்கள், காட்டுவார்கள். காலையில் வாங்க, வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. ஊற்றுக்கிட்டே மட்டும் செருப்பைக் கழற்றிவிடுங்கள்.