புதுப்பிப்பு: அந்த 12 சுரப் பேப்பரை நான் விடவில்லை

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பல்கலைக்கழகத்தில் ஷோன்பெர்க் என்ற மேற்கத்திய இசையமைப்பாளரின் 12 சுர முறை (12 சுரத்தையும் ஒரே வரிசையாக அடுக்கி, அதை வைத்தே இசை எழுதுவது) மண்டையில் ஏறவில்லை, பேப்பரையே விட்டுவிடலாமா என்று. விடவில்லை. வரிசையை நேராக, கவிழ்த்து, பின்னாலிருந்து, பின்னாலிருந்து கவிழ்த்து என நாலு விதம், ஒவ்வொன்றும் 12 சுருதியில், மொத்தம் 48 வடிவத்தையும் கட்டம் போட்டு எழுதிவிட்டேன். காதுக்குத்தான் இன்னும் பிடிக்கவில்லை.

அப்புறம் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1972இல் எழுதிய 'கிளாப்பிங் மியூசிக்' வந்தது. இரண்டு பேர், வெறும் கைதட்டல். ஒருவர் மாறாமல் தட்ட, மற்றவர் அதே தாளத்தை ஒவ்வொரு இடமாக நகர்த்திப் போய் 12 நகர்வில் மறுபடி ஒன்றுசேர வேண்டும். வியாசர்பாடி வீட்டு மொட்டைமாடியில் தம்பியை உட்காரவைத்தேன். கானா கச்சேரிகளில் டோலக் வாசிப்பவன், நொட்டேஷன் தெரியாது. மூன்றாவது நகர்விலேயே என் கை அவன் பக்கம் இழுபட்டுப் போனது. அவன் அசையவே இல்லை. "எண்ணிக்கினே இருந்தா வராதுண்ணா, என்னைக் கேளு" என்றான். (எனக்கு மூன்று வருடப் படிப்பு, சரி.)

நேற்று ஏழாவது வரை போனோம். அடுத்த வாரம் வகுப்பில் வாசிக்க அவனையே கூட்டிவரலாமா என்று சாரிடம் கேட்டிருக்கிறேன்.