கேள்விச் சொல் நகராவிட்டால் ‘தீவு’ம் இல்லையா?

புளியந்தீவு ஆசிரியை எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாலை வேளைகளில் மொழியியலும் படித்து வருகிறேன். போன கிழமை மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘நீ யார் எழுதின புத்தகத்தை வாசித்தாய்?’ என்ற வாக்கியத்தைக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி ‘ஹூ டிட் யூ ரீட் த புக் தட் ரோட்?’ என்று எழுதிக் கொண்டுவந்தாள். சிவப்புப் பேனையால் வெட்டினேன். “தமிழில் சரியாகத்தானே இருக்கிறது மிஸ், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் பிழை?” என்று அவள் கேட்டபோது, “அப்படிச் சொல்வதில்லை” என்பதற்கு மேல் எனக்கு விடை வரவில்லை.

பிறகு தேடிப் படித்ததில், மொழியியலாளர் ஜோன் ரொஸ் 1967இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் இத்தகைய தொடர்களைத் ‘தீவுகள்’ என்று அழைத்தார் என அறிந்தேன். ‘யார் எழுதின புத்தகம்’ போல, பெயரெச்சத் தொடரை ஏற்று நிற்கும் பெயர் ஒரு தீவு. அதற்குள் கிடக்கும் சொல்லை வெளியே எடுத்து வாக்கியத்தின் முகப்பில் வைக்க முடியாது. ஆங்கிலக் கேள்விச் சொல் முன்னே போயாக வேண்டும், தீவோ அதை விடுவதில்லை. தமிழில் ‘யார்’ தன் இடத்திலேயே இருந்துவிடுகிறது. அப்படியானால் இந்தத் தீவுக் கட்டுப்பாடு, சொல்லை நகர்த்துகிற மொழிகளுக்கு மட்டும் உரியதா? தமிழுக்கு அது இல்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடலாமா? (நான் குடியிருக்கும் புளியந்தீவுக்குப் பாலங்கள் உண்டு. அதனாலோ என்னவோ, உவமையே எனக்கு முழுதாக ஒட்டவில்லை.)

வந்தாறுமூலை வாசகர் எழுதியது:

அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள், ஆசிரியை அவர்களே. தமிழிலும் சொற்கள் நகர்கின்றன. கேள்விச் சொல் நகரவேண்டிய கட்டாயம்தான் இல்லை. ‘அம்மா கறியைச் சமைத்த நாளில் நீ வந்தாய்’ என்பதை எடுத்து, ‘கறியை’ என்ற சொல்லை மட்டும் வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்: ‘கறியை நீ அம்மா சமைத்த நாளில் வந்தாய்.’ இதை யாரும் பேசமாட்டார்கள். ‘என்று’ போட்ட தொடரிலிருந்து எடுத்தால், ‘கறியை நீ அம்மா சமைப்பார் என்று நினைத்தாய்’ என்பது சற்று நெருடினாலும் விளங்குகிறது. ஆக, சொல்லைப் பெயர்த்து வைக்கும்போது தமிழும் ரொஸ் சொன்ன தீவை மதிக்கிறது.

நகராத கேள்விச் சொற்களுக்கு வருவோம். உங்கள் சந்தேகம் ‘யார்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்ததால் எழுந்தது. ‘அம்மா யாருக்குச் சமைத்த கறியை நீ சாப்பிட்டாய்?’ என்பதில் குறையில்லை. அதே இடத்தில் ‘ஏன்’ என்பதை வைத்து, ‘அம்மா ஏன் சமைத்த கறியை நீ சாப்பிட்டாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். என் காதுக்கு இது உடைந்த வாக்கியம். ‘ஏன்’ என்பதை ‘அம்மா’வுக்கும் ‘சமைத்த’ என்பதற்கும் நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வெளியே நின்றால் அது ‘சாப்பிட்டாய்’ என்பதோடு சேர்ந்துகொண்டு, சாப்பிட்டதற்குக் காரணம் கேட்கிற நல்ல வாக்கியமாகிவிடும், நாம் ஏமாந்துபோவோம். உள்ளே அடைத்து வைத்தால்தான், சமைத்ததற்கான காரணத்தைக் கேட்கவே வழியில்லை என்பது வெளிப்படும்.

சீன மொழியிலும் கேள்விச் சொல் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. அங்கே ‘யார்’ பெயரெச்சத் தொடருக்குள் இருந்து கேள்வி கேட்கும், ‘ஏன்’ கேட்காது என்பதை சி.-டி. ஜேம்ஸ் ஹுவாங் 1982இல் தம் ஆய்வேட்டில் காட்டினார். சொல் கண்ணுக்குத் தெரியாமல், பொருள் கொள்ளும் நிலையில் நகர்கிறது என்றும், அந்த நகர்வும் சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் அவர் வாதித்தார். தமிழ் இதில் சீனத்தோடு அச்சொட்டாக ஒத்துப்போகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘அம்மா எதற்காகச் சமைத்த கறியை நீ சாப்பிட்டாய்?’ என்றால் திரும்பவும் சரியாகிறது. ‘ஏன்’, ‘எதற்காக’ இரண்டும் காரணத்தைத்தான் கேட்கின்றன. ஆனால் ‘எதற்காக’ என்பதற்குள் ‘எது’ என்ற பெயர் வேற்றுமை ஏற்று நிற்கிறது, ‘ஏன்’ என்பதற்குள் அப்படி எதுவும் இல்லை. எனவே இது பொருளை மட்டும் பொறுத்த தடை அன்று.

அம்பாறை இலிகிதர் எழுதியது:

நான் மொழியியல் படித்தவன் அல்லன். அலுவலகத்தில் பாதி நாள் சிங்களத்தில் பேசி, மீதி நாள் தமிழில் எழுதுகிறவன். இந்த விவாதத்தை வாசித்ததும், பக்கத்து மேசைக்காரர் பேசும் சிங்களம் நினைவுக்கு வந்தது.

சிங்களத்திலும் கேள்விச் சொல் இடம் மாறுவதில்லை. ஆனால் ‘த’ என்ற ஓர் இடைச்சொல் கூடவே வரும், வினைமுற்றும் ஏகாரத்தில் முடியும். ‘யார்’ என்பதற்குரிய ‘கவுரு’வும் இந்தத் ‘த’வும் சேர்ந்து ‘கவ்த’ என்று ஒலிக்கும். ஆசிரியை கொடுத்த வாக்கியத்தைச் சிங்களத்தில் கேட்பதானால் ‘ஒயா கவுரு லியபு பொத்த த கியெவ்வே?’ என்று கேட்க வேண்டும். அதாவது, ‘யார் எழுதின புத்தகம்’ என்பது முழுவதும் முடிந்த பிறகே ‘த’ வரும். நான் தொடக்கத்தில் ‘ஒயா கவ்த லியபு பொத்த கியெவ்வே?’ என்று கேட்டுச் சிரிப்புக்கு ஆளாகியிருக்கிறேன். கேள்விச் சொல் உள்ளே இருக்கலாம், ‘த’ மட்டும் தொடருக்கு வெளியே நிற்க வேண்டும். ஏன் அப்படி என்று இருபது வருடமாக எனக்குத் தெரியாது.

வந்தாறுமூலை வாசகர் எழுதியது:

இலிகிதர் ஐயா, நீங்கள் சிரிப்புக்கு ஆளான அந்த வாக்கிய அமைப்பை வைத்தே அறிஞர்கள் ஆய்வு செய்திருக்கிறார்கள். போல் ஹாக்ஸ்ட்ரொம் 1998இல் எழுதிய ஆய்வேட்டில் சிங்களத்தின் ‘த’வையும் ஜப்பானியத்தின் ‘க’வையும் ஒருங்கே வைத்து, நகர்வது கேள்விச் சொல் அன்று, இந்த இடைச்சொல்தான் என்று விளக்கினார். தீவுக்குள் இருந்தால் இடைச்சொல் வெளியேற முடியாது. தீவின் விளிம்பில் நின்றால் தடையில்லை. தமிழில் அந்த இடைச்சொல் காதில் விழுவதில்லை, சிங்களத்தில் விழுகிறது. நமக்கு மறைந்து கிடப்பதை அடுத்த வீட்டு மொழி காட்டிக் கொடுக்கிறது.

ஆனால் நகர்வே வேண்டாம் என்பாரும் உண்டு. தர்க்கவியலாளர் ஹாம்ப்ளின் 1973இல் முன்வைத்த கருத்துப்படி, ‘யார்’ என்பதன் பொருளே விடையாகக்கூடிய ஆட்களின் கூட்டம். அதோடு ‘எழுதின புத்தகம்’ சேர்ந்தால் புத்தகங்களின் கூட்டமாகும், ‘வாசித்தாய்’ சேர்ந்தால் கூற்றுகளின் கூட்டமாகும். அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றைத் தெரிந்து சொல்லும்படி கேட்பதே கேள்வி. இப்படிப் படிப்படியாக விரியும் பொருளுக்குத் தீவு தடையாவதில்லை. இடையில் ஓர் ஆகார வினா வந்தால் மட்டும் கதை மாறும். ‘அம்மா யாருக்குச் சமைத்தார் என்று நீ சொன்னாய்?’ என்பது கேள்வி. ‘அம்மா யாருக்குச் சமைத்தாரா என்று நீ கேட்டாய்?’ என்பது, பிறர் சொன்னதைத் திருப்பிக் கேட்கும் தொனியில் அல்லாமல் எனக்கு வாயில் வரவில்லை. உள்ளே நிற்கும் ஆகாரம் அந்தக் கூட்டத்தைத் தானே விழுங்கிவிடுகிறது, வெளியே கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை. இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது; ஆனால் ‘ஏன்’ செய்யும் குழப்பத்துக்கு இது தனித்து விடை தருவதாக நான் நினைக்கவில்லை.

காரைதீவுத் தமிழாசிரியர் எழுதியது:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் ஒருவனின் சிறு குறிப்பு. சொல் எவ்வளவு தூரம் விலகி நின்று பொருள் தரலாம் என்ற கேள்வி நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. ‘சுரையாழ அம்மி மிதப்ப’ என்ற அடியில் சுரைக்காய் மிதப்பதும் அம்மி ஆழ்வதும்தான் பொருள். சொற்களை மாற்றிக் கூட்ட வேண்டும். அந்த மாற்றம் ஓரடிக்குள் நிகழ்ந்தால் நன்னூல் அதை மொழிமாற்று என்கிறது; பல அடிகளிலும் கிடக்கும் சொற்களைத் திரட்டிக் கூட்டினால் கொண்டுகூட்டு என்கிறது. எல்லை எது என்று கேட்டு, எல்லைக்கு உள்ளே நடப்பதற்கு ஒரு பெயரும் அதைத் தாண்டுவதற்கு வேறு பெயரும் வைத்திருக்கிறார்கள். இது செய்யுளுக்கு உரியது, பேச்சுக்கு அன்று. ஆகவே ரொஸ் சொன்னதைப் பவணந்தியார் முன்பே சொல்லிவிட்டார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

புளியந்தீவு ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் ‘யாருக்குச் சமைத்த’, ‘ஏன் சமைத்த’ இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். முப்பது பிள்ளைகளில் ஒருவர்கூட இரண்டாவதை ஏற்கவில்லை. அவர்களுக்கு யாரும் இதைக் கற்பித்ததில்லை. ஜப்பானியத்தில் இத்தகைய கேள்விக்கு முழுத் தொடராலேயே விடை தருவார்கள் என்று மொழியியலாளர் நிஷிகவுச்சி எழுதியதை வாசித்திருந்தபடியால், ‘எங்கே பிடித்த மீனை வாங்கினாய்?’ என்றும் கேட்டேன். ‘வாழைச்சேனை’ என்று யாரும் நிறுத்தவில்லை. ‘வாழைச்சேனையில பிடிச்சது’ என்றே பலரும் சொன்னார்கள்.

மறுகா, அதே மாணவி எழுந்து, “எப்படிச் சமைத்த மீன் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்கலாமே மிஸ், ‘எப்படி’க்குள் பெயர் எங்கே இருக்கிறது?” என்றாள். வந்தாறுமூலை ஐயா, இதற்கு நீங்கள்தான் விடை சொல்ல வேண்டும்.

வந்தாறுமூலை வாசகர் எழுதியது:

அந்தப் பிள்ளை மொழியியல் படிக்கட்டும். ‘எப்படிச் சமைத்த மீன்’ என்பது பொரித்ததா, அவித்ததா என்று மீனின் வகையைக் கேட்கிறது. ‘எந்த மாதிரி மீன்’ என்று மாற்றினாலும் கேள்வி பெரிதும் மாறவில்லை. வகையாகக் கொள்ள முடியாத இடத்தில் ‘எப்படி’யை வைத்து, ‘அவர் எப்படித் தொலைத்த பணப்பையை நீ கண்டெடுத்தாய்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். எனக்கு இது ‘ஏன்’ அளவுக்கு மோசமில்லை, ‘யார்’ அளவுக்குச் சரியுமில்லை. முப்பது பேரும் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.