மறு: நோய்த்தேக்கியா, தொற்று நிலைக்களமா?

> ரிசர்வாயருக்கு ‘நோய்த்தேக்கி உயிரி’ போதுமே. தேக்கம் எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

ஐயா, ஒரு நோயை அறுபடாமல் வைத்திருந்து மற்ற இனங்களுக்கும் தொற்ற வைக்கும் மூலத்தைத்தான் ஆங்கிலத்தில் ரிசர்வாயர் (reservoir) என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘தேக்கம்’ தெரிந்த சொல் என்பது சரி, ஆனால் ‘உயிரி’ என்று முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தியோப்பியாவின் பேல் மலைகளைப் பாருங்கள். உலகத்திலேயே வளர்ந்த எத்தியோப்பிய ஓநாய்கள் 500-க்கும் குறைவு, அதில் பாதிக்கு மேல் அங்கேதான் வாழ்கின்றன. 1991, 2003, 2008, 2014 என்று ரேபிஸ் திரும்பத் திரும்ப வந்து குடும்பம் குடும்பமாகக் கொன்றிருக்கிறது. ஓநாய்த்தொகை மிகச் சிறியது, நோய் அதற்குள்ளேயே நெடுநாள் ஓட முடியாது, கொன்றுவிட்டு அடங்கிவிடும். அப்புறம் எப்படித் திரும்பி வருகிறது? சுற்றியுள்ள ஊர்களின் நாய்களிடமிருந்து, மேய்ப்பவர்களோடு மலையேறும் நாய்களிடமிருந்து. அந்த நாயும் அறிகுறி தெரிந்த சில நாளில் செத்துவிடும், அது எதையும் தேக்கி வைப்பதில்லை. சாவதற்குள் இன்னொன்றைக் கடிக்கிறது, அது வேறொன்றைக் கடிக்கிறது, இப்படி நாய்த்தொகை முழுவதும் சேர்ந்துதான் நோயை அறுபடாமல் வைத்திருக்கிறது. நாம் பெயர் வைக்க வேண்டியது அந்தத் தொகைக்கு.

தொற்று நிலைக்களம் என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

> நிலைக்களம் என்றால் படிப்பவர் ஓர் இடத்தைத்தான் நினைப்பார். ‘நாய்த்தொகை’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே?

எல்லா ஊரிலும் அது நாயோடு முடிவதில்லை ஐயா. தான்சானியாவின் செரங்கெட்டியில் 1994-இல் கேனைன் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து சுமார் 1000 சிங்கங்கள், அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, செத்தன. பிறகு சுற்றுவட்டார நாய்களுக்குப் பெரிய அளவில் தடுப்பூசி போட்டார்கள், நாய்களிடம் தொற்று குறைந்தது, சிங்கங்களிடம் மட்டும் அது நிற்கவில்லை. அதாவது அங்கே நாயோடு வேறு காட்டு ஊனுண்ணிகளும் சேர்ந்து நோயைத் தாங்குகின்றன. பல இனங்களை ஒன்றாகச் சுட்டும் சொல் நமக்கு வேண்டும். இடம் என்று தோன்றுமே என்கிறீர்கள். இலக்கணத்தில் சிறப்பு, நலன், காதல், வலி நான்கையும் உவமைக்கு நிலைக்களம் என்கிறோம், அவை இடங்களா என்ன?

எனக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. ‘தேக்கி’ என்று எழுதினால் அதை உடைத்தால் போதும், நாய்களைக் கொன்றால் நோய் போய்விடும் என்று படிப்பவருக்குத் தோன்றும். கொன்ற நாய்களின் இடத்துக்குத் தடுப்பூசி போடாத புது நாய்கள் வந்துவிடும், அவ்வளவுதான். பேல் மலையில் பலன் தந்தது வேறு வழி: நாய்களுக்குத் தடுப்பூசி, நோய் வெடித்தபோது பள்ளத்தாக்குகளை இணைக்கும் ஒடுங்கிய வழிகளில் இருந்த ஓநாய்களுக்கும் தடுப்பூசி. எல்லா ஓநாய்களையும் பிடிக்காமலேயே பரவலைத் தடுக்க முடிந்தது. 2018-லிருந்து ஓநாய்களுக்கு இறைச்சிக்குள் தடுப்பு மருந்து வைத்துக் கொடுக்கும் முறையும் தொடங்கியிருக்கிறது.

நீளமாக இருக்கிறது என்றால் முதல் முறை ‘தொற்று நிலைக்களம்’, அடுத்தடுத்து ‘நிலைக்களம்’ மட்டும் போதும். ஓம்புயிரி (host) என்ற சொல்லை நோய்க்கிருமியைத் தாங்கும் தனி விலங்குக்கு அப்படியே விட்டுவிடலாம். குழுவில் இருக்கும் கால்நடை மருத்துவர்கள் இதில் இடறும் இடம் இருந்தால் சொல்லுங்கள், நோய் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவும் ஸ்பில்லோவருக்கு (spillover) ‘தொற்றுத்தாவல்’ சரியா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.