மறு: ‘டெக்னிக்கல் டெப்ட்’ – ‘தொழில்நுட்பக் கடன்’ போதுமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ‘டெக்னிக்கல் டெப்ட்’ என்பது, கணினி அமைப்புகளில் உரிய காலத்தில் செய்யாமல் விட்டதால் சேர்ந்து, பின்னர் கூடுதல் உழைப்பைக் கேட்கும் திருத்த வேலைகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அதற்கான தமிழ்ச் சொல் குறித்து இழையில் எழுந்த கேள்வி இது:

> ‘தொழில்நுட்பக் கடன்’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. கேட்டவுடன் புரிகிறது. புதிதாக ஒன்றைத் தேடுவானேன்?

நியாயமான கேள்விதான். புழங்கும் சொல்லைக் காரணமின்றி மாற்றக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கேட்டவுடன் புரிகிறது என்பது ஆங்கிலச் சொல்லை முன்பே அறிந்தவர்களுக்குத்தான் பொருந்தும். இச்சொல்லை அதிகம் எழுதப்போகிறவர் நிரலர் அல்லர், பெரிய நிறுவனமொன்றின் தலைமைத் தகவல் அலுவலர். படிக்கப்போகிறவர்களோ நிதித் தலைவரும் இயக்குநர் குழுவினரும். அவர்கள் முன் வைக்கப்படும் அறிக்கையில் இச்சொல் தன் காலில் நிற்குமா என்பதையே உரைகல்லாகக் கொள்ள வேண்டும்.

அந்த உரைகல்லில் ‘தொழில்நுட்பக் கடன்’ தேறவில்லை. வீட்டுக் கடன், பயிர்க் கடன், கல்விக் கடன், வாகனக் கடன் என்று நாம் சொல்லும்போது, முன்னால் நிற்கும் பெயர் அக்கடன் எதற்காக வாங்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. நகைக் கடனில் எதை ஈடாக வைத்தோம் என்பதைக் காட்டுகிறது. ஆகவே, “நமது தொழில்நுட்பக் கடன் மூன்று ஆண்டுகளில் இரு மடங்காகியுள்ளது” என்று எழுதினால், கணினிகள் வாங்குவதற்காக வங்கியில் பெற்ற கடன் என்றே நிதித் தலைவர் எடுத்துக்கொள்வார்; எந்த வங்கி, என்ன வட்டி என்று கேட்பார். அவர் மீது தவறில்லை. தமிழ் அவரை அப்படித்தான் படிக்க வைக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும், வாங்கியவர் ஒருவர் இருக்க வேண்டும், வாங்கிய நாள் ஒன்று இருக்க வேண்டும். இந்த உருவகத்தை 1992-இல் முதலில் கையாண்ட அமெரிக்க நிரலர் வார்டு கன்னிங்காம், உண்மையில் கடன் வாங்குவதைத்தான் மனத்தில் கொண்டிருந்தார். நிதி நிர்வாக மென்பொருள் ஒன்றை உருவாக்கிய பட்டறிவிலிருந்து அவர் சொன்னதன் சாரம் இது: முதல் வடிவத்தை விரைவாக வெளியிடுவது கடன் வாங்குவதைப் போன்றது, உடனுக்குடன் திருத்தி எழுதி அடைத்துவிட்டால் அக்கடன் வேலையை விரைவுபடுத்தும், அடைக்காவிட்டால், சரியாக அமையாத நிரலோடு செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் வட்டியாகும். தெரிந்தே வாங்கும் கடன் அது.

இன்று ஒரு தலைமைத் தகவல் அலுவலரின் மேசையில் குவிந்து கிடப்பது பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று. அவர் பதவியேற்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அவர் பெயரைக்கூட அறியாதவர்கள் விட்டுச்சென்றது அது. இணைக்கப்பட்ட இரண்டு நிறுவனங்களின் கணக்கு அமைப்புகள் ஒன்றாக்கப்படாமலே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாத இறுதியிலும் ஒருவர் முதல் அமைப்பிலிருந்து தரவை எக்செல் கோப்பாக இறக்கி, தேதிப் பத்தியின் வடிவத்தைக் கையால் மாற்றி, இரண்டாவதில் ஏற்றிக்கொண்டிருப்பார். அந்தக் கோப்பின் பெயரில் ‘தற்காலிகம்’ என்ற சொல் இருக்கும். அவர் விடுப்பில் சென்றால் கணக்கு முடியாது. இதில் யார் யாரிடம் எப்போது கடன் வாங்கினார்கள் என்று கேட்டால் விடை கிடையாது.

சில வேளைகளில் நிறுவனத்தில் யாரும் எதையும் செய்யாமலே பாக்கி சேர்கிறது. எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள் நிறுவனம், கணக்கு முதலான நிறுவனப் பணிகளுக்குப் பயன்படும் தன் ஈ.சி.சி. மென்பொருளுக்கான முதன்மைப் பராமரிப்பை 2027 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நேற்றுவரை ஒழுங்காக இருந்த அமைப்பு, தன்னில் ஒரு வரிகூட மாறாமல், அந்தத் தேதியில் பாக்கிப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. இதைக் கடன் என்பது பொருந்தவில்லை.

ஆகவே நான் முன்வைப்பது ‘நுட்ப நிலுவை’ என்ற சொல்லை. நிலுவை என்பது பணத்துக்கும் வேலைக்கும் ஒருங்கே பொருந்தும் சொல். செலுத்த வேண்டிய தொகையும் நிலுவை. முடிக்கப்படாத வழக்கும் நிலுவையில் உள்ள வழக்கு. முன்னவர் வைத்துவிட்டுப் போன நிலுவையைப் பின்னவர் தீர்ப்பது எல்லாருக்கும் பழகிய செய்திதான். நிலுவைக்கு வட்டி உண்டு, தண்டமும் உண்டு, எனவே கன்னிங்காமின் வட்டி உருவகமும் கெடாது. வினைகளும் இயல்பாக அமைகின்றன: நிலுவை சேர்கிறது, நிலுவை வைக்கிறார்கள், நிலுவையைக் குறைக்கிறார்கள், நிலுவையைத் தீர்க்கிறார்கள். ஒரு கலைச்சொல்லின் வலிமை பெயரில் பாதி என்றால், அதனோடு சேரும் வினையில் மீதிப் பாதி.

அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததை இச்சொல்லோடு பொருத்திப் பாருங்கள். 2003-லேயே பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட ஒரு செயற்கூறு நிரலிலிருந்து நீக்கப்படாமலே கிடந்தது. அதை இயக்கிய பழைய குறியையே (ஃபிளாக்) புதிய வசதி ஒன்றுக்கும் பயன்படுத்தினார்கள். 8 வழங்கிகளில் (சர்வர்) 7-இல் புதிய நிரல் ஏறியது. ஒன்று விடுபட்டுப் போயிற்று. சந்தை திறந்ததும் அந்த ஒரு வழங்கியில் பழைய செயற்கூறு உயிர்பெற்று, பங்குகளை வாங்கவும் விற்கவும் நிறுத்தமின்றி ஆணைகளை அனுப்பத் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் இழப்பு 44 கோடி டாலரைத் தாண்டியது. பழைய செயற்கூற்றை விட்டுவைத்ததால் நிறுவனத்துக்கு விரைவோ இலாபமோ கிடைக்கவில்லை. வாங்கி அனுபவித்த கடன் எதுவும் அங்கில்லை. செய்ய வேண்டிய ஒரு துப்புரவு வேலை செய்யப்படாமல் நின்றது. நின்றதுதான் நிலுவை.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தின் நிலையும் இதுவே. 2022 டிசம்பரில் பனிப்புயல் எல்லா விமான நிறுவனங்களையும் பாதித்தது. மற்றவை ஓரிரு நாள்களில் தேறிக்கொண்டிருக்க, சவுத்வெஸ்டின் பணிக்குழு ஒதுக்கீட்டு மென்பொருள் மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியதால், 16,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் நீக்கம் செய்யப்பட்டன. பழைய அமைப்புகளைப் பற்றித் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்திருந்தன.

இச்சொல்லுக்கு எதிராக எழுப்பப்படக்கூடிய தடைகளுள் வலுவானது, ‘பேக்லாக்’ என்பதற்கும் சிலர் ‘நிலுவைப் பணி’ என்று எழுதுகிறார்கள் என்பது. குழப்பம் வரும் என்பது உண்மை. ஆனால் பேக்லாக் என்பது இனி செய்ய வேண்டியவற்றின் வரிசை. அதில் புத்தம் புதிய வசதிகளும் இருக்கும். அதற்குப் ‘பணி வரிசை’ என்பதே போதும் என்று நினைக்கிறேன். நிலுவை என்ற கனமான சொல்லை அதற்குச் செலவிடத் தேவையில்லை.

மற்றொரு தடை, தெரிந்தே எடுக்கும் குறுக்குவழியை ‘நிலுவை’ சுட்டாது என்பது. கன்னிங்காம் சொன்ன நல்ல கடனை அப்போது எப்படிக் குறிப்பது? இதற்கு நம்மிடம் ஓர் அருமையான சொல் சும்மா கிடக்கிறது: கைமாற்று. பத்திரம் இல்லை, ஈடு இல்லை, பெரும்பாலும் வட்டியும் இல்லை. அவசரத்துக்கு வாங்கி விரைவில் திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்வது. வெளியீட்டு நாளுக்காகச் சோதனைகள் சிலவற்றைத் தள்ளிவைக்கும் குழு எடுப்பது ‘நுட்பக் கைமாற்று’. சொன்ன காலத்தில் திருப்பித் தராவிட்டால் அதுவே நுட்ப நிலுவையாகிறது. ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் அடைத்து, பின்னர் அடைமொழிகள் சேர்த்துப் பிரிக்கும் இரண்டு நிலைகளையும், தமிழில் தொடக்கத்திலேயே இரு சொற்களாக வைத்துக்கொள்ளலாம். தலைமைத் தகவல் அலுவலருக்கு இது வெறும் சொல்நயம் அன்று. கைமாற்றுக்குத் தவணை கேட்டு வாங்க முடியும். யார் ஒப்புதல் கொடுத்தார், எந்தத் தேதிக்குள் தீர்ப்பார் என்று எழுதி வைக்க முடியும். நிலுவைக்கோ தனியாக நிதி கேட்க வேண்டும்.

அந்த நிதியைப் பெறுவதுதான் அப்பதவியின் பெரும் தலைவலி. புதிய செயலியைத் தொடங்கி வைக்க மேடை உண்டு, பாராட்டு உண்டு, மூலதனச் செலவாகக் காட்டும் வசதியும் பெரும்பாலும் உண்டு. பழைய நிரலைத் திருத்துவது நடைமுறைச் செலவில் விழுகிறது. அது நன்றாக முடிந்தால் வெளியில் எதுவும் நடந்ததாகத் தெரியாது. இருப்புநிலைக் குறிப்பில் நுட்ப நிலுவைக்கென்று ஒரு வரியும் கிடையாது. ஆகவே, சொல் ஒன்றே அதைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டியிருக்கிறது. “நடப்பாண்டு ஒதுக்கீட்டில் ஒரு பங்கை நுட்ப நிலுவையைத் தீர்க்க வேண்டுகிறோம்” என்ற வாக்கியத்தைப் படியுங்கள். அதே இடத்தில் ‘தொழில்நுட்பக் கடனை அடைக்க’ என்று போட்டும் படியுங்கள். முதலாவது வேலையைக் கேட்கிறது. இரண்டாவது வங்கிக்குப் பணம் கட்டச் சொல்கிறது.

தீர்ப்பதிலும் இடர் உண்டு என்பதைச் சொல்லின் விளக்கக் குறிப்பில் சேர்க்க விரும்புகிறேன். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, லாயிட்ஸ் குழுமத்திடமிருந்து வாடகைக்குப் பெற்றிருந்த பழைய அமைப்பிலிருந்து 2018 ஏப்ரலில் புதிய தளத்துக்கு மாறியபோது, வாடிக்கையாளர்கள் பெருமளவில் தம் கணக்குகளை அணுக முடியாமல் தவித்தார்கள். 2022-இல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. 2023-இல் அதன் முன்னாள் தலைமைத் தகவல் அலுவலருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு. வெளி ஒப்பந்த நிறுவனத்தின் ஆயத்த நிலையைப் போதிய அளவு உறுதிசெய்யவில்லை என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. நிலுவையை வைத்திருந்தாலும் இடர், அவசரமாகத் தீர்த்தாலும் இடர் என்ற நிலையில்தான் அப்பதவியில் இருப்பவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

முன்னொட்டைப் பற்றி ஒரு சொல். ‘நிரல் நிலுவை’ என்ற பரிந்துரையும் வந்திருந்தது. அது குறுகியது, பழைய கருவிகள், எழுதப்படாத ஆவணங்கள், ஓய்வுபெறப்போகும் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும் அறிவு ஆகியவை அதற்குள் வாரா. ‘தொழில்நுட்ப நிலுவை’ சரியே, நீளம் மட்டும்தான் குறை.

எனவே நம் கலைச்சொல் பட்டியலில் ‘நுட்ப நிலுவை’ முதன்மைச் சொல்லாகவும், ‘நுட்பக் கைமாற்று’ தெரிந்தே எடுக்கும் குறுகியகால வகைக்கும், ‘தொழில்நுட்பக் கடன்’ தேடுவோர் கண்ணில் படுவதற்காக இணைச்சொல்லாகவும் இடம்பெறலாம் என்பது என் முன்மொழிவு. ‘கைமாற்று’ உங்கள் வட்டாரத்தில் வேறு பொருளில் வழங்குகிறதா என்பதை மட்டும் தெரிவியுங்கள்; அதைப் பொறுத்து விளக்கத்தைத் திருத்தலாம்.