மூத்த தொழிலாளியை அனுப்பிவிட்டுப் பயிற்சியாளரை நிறுத்துவது: ஓசூரில் நடப்பது சரிதானா?

டூல்ரூம்_ஓசூர்:
சிப்காட்டில் நான் வேலை செய்த ஆலையில் போன வருடம் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தார்கள். ஐம்பதைத் தொட்டவர்களை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, "இந்த மாதம் கையெழுத்துப் போட்டால் இந்தத் தொகை, அடுத்த மாதம் எங்களால் உறுதி சொல்ல முடியாது" என்றார்கள். தகடு வெட்டும் அச்சுகளைச் செய்து பழுதுபார்க்கும் டூல் ரூமில் இருந்த மூத்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். எங்கள் இடத்தில் இப்போது டிப்ளமோ முடித்துச் சில மாதங்களே ஆன பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆர்டர் குறையவில்லை, மூன்று ஷிப்டும் ஓடுகிறது. ஆலையைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தோம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

மத்திகிரி_சிறுதொழில்:
ஐயா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் பிரஸ் மெஷினில் தகடு வெட்டும் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பொருள் வாங்கும் பெரிய கம்பெனிகள் விலையைக் குறை, குறை என்கின்றன. தகடு விலையும் மின்கட்டணமும் என் கையில் இல்லை. கூலி ஒன்றில்தான் கை வைக்க முடிகிறது. தொழிலும் மாறிவிட்டது. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையே வந்தாயிற்று. பிஸ்டனும் கார்புரேட்டரும் இல்லாத வண்டிக்குப் பழைய அனுபவம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

டூல்ரூம்_ஓசூர்:
மின்சார மோட்டாருக்குள் என்ன இருக்கிறது சார்? அரை மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான தகடுகளை டை என்ற அச்சில் வெட்டி, அடுக்கடுக்காகச் சேர்த்துத்தான் அந்த உள்ளகத்தைச் செய்கிறார்கள். தகடு மெலிய மெலிய, மேலிருந்து இறங்கி வெட்டும் 'பஞ்ச்' என்ற கருவிக்கும் கீழே இருக்கும் டைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியும் குறைந்துகொண்டே போகும். பழைய பிரஸ் வேலையைவிட இதில்தான் அனுபவம் கூடுதலாகத் தேவை.

நான் வந்த பிறகு அங்கே நடந்ததை உள்ளே இருக்கிறவர்களே சொன்னார்கள். வெட்டிய பாகத்தின் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் பிசிறு, அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துருத்தல், வந்திருக்கிறது. பிசிறு என்றால் பஞ்ச் மழுங்கிவிட்டது என்று பாடத்தில் படித்த பையன், அதைக் கழற்றி கிரைண்டிங் போட்டு மாட்டிவிட்டான். மறுபடியும் பிசிறு, மறுபடியும் கிரைண்டிங். சுற்றிலும் பிசிறு வந்தால்தான் கூர் போயிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒரே பக்கம் வந்தால் டை நகர்ந்திருக்கிறது, அல்லது பஞ்சை நேராக இறக்கும் வழிகாட்டித் தூணைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற உறை தேய்ந்திருக்கிறது. ஓரத்தில் விரலைத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைசியில் பஞ்ச் உடைந்து, டையின் வாயும், அதாவது வெட்டும் ஓரமும், சிதறியிருக்கிறது. ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்றிருந்தால் முதல் பாகத்திலேயே மெஷினை நிறுத்தியிருப்பார்.

பாலக்கோடு_டிப்ளமோ:
அண்ணா, நீங்கள் சொல்லும் பிள்ளைகளில் நானும் ஒருவன். விடியுமுன் கிளம்பி ராயக்கோட்டை வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே ஓசூருக்கு வருகிறேன். பஞ்ச் உடைந்ததற்கு எங்களைத்தான் திட்டினார்கள், எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வைக்காதவர்களை யாரும் திட்டவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டையைப் பிரிக்கும் நேரம் பார்த்து எங்களை டீ வாங்கிவர அனுப்பிய மூத்தவர்களும் இருந்தார்கள். கற்றுக்கொடுத்தால் தங்கள் இடம் போய்விடும் என்று நினைத்தார்கள். பயிற்சிக் காலம் முடிந்ததும் எங்களையும் அனுப்பிவிட்டு அடுத்த அணியை எடுக்கிறார்கள். நாங்கள் எப்போது அனுபவசாலி ஆவது?

டூல்ரூம்_ஓசூர்:
தம்பி, அப்படிப்பட்டவர்கள் இருந்தது உண்மைதான். இளைஞன் கற்றுக்கொண்ட மறுமாதமே கிழவனுக்கு ஓலை வரும் என்றால், எந்தக் கிழவன் வாயைத் திறப்பான்? அந்தப் பயத்தை உண்டாக்கியது நிர்வாகம். உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

கிருஷ்ணகிரி_வழக்கறிஞர்:
சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்று 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 25ஜி பிரிவு சொன்னது. மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பிலும் இந்த விதி உண்டு. ஆனால் ஆட்களைக் குறைக்க அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது.

விருப்ப ஓய்வு ஆட்குறைப்புக் கணக்கில் வராது. நீங்களாகவே எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடுகிறது, முன்னுரிமையும் போய்விடுகிறது. அழுத்தம் கொடுத்து வாங்கியதை நிரூபிப்பது கடினம். பயிற்சியாளர்களோ சட்டப்படி தொழிலாளர்களே அல்ல. இந்த இரண்டு சந்துகளில் புகுந்துதான் நிர்வாகங்கள் போகின்றன. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற கடைத்தொடர், சம்பளம் அதிகம் என்ற காரணத்துக்காகவே 2007இல் சுமார் 3,400 பேரை நீக்கிவிட்டுக் குறைந்த கூலிக்கு ஆள் எடுத்தது. 2008 நவம்பரில் திவால் மனு போட்டது, 2009இல் கடைகளை மூடியது.

மத்திகிரி_சிறுதொழில்:
அந்த வருடம் உலகமே பொருளாதாரச் சரிவில் இருந்தது வக்கீல் சார். போட்டிக் கடைகளும் ஏற்கெனவே முந்திக்கொண்டிருந்தன. விற்பனையாளரை மாற்றியதால் மட்டும் மூழ்கியது என்று சொல்வது சரியல்ல.

கிருஷ்ணகிரி_வழக்கறிஞர்:
அதனால் மட்டும் என்று நான் சொல்லவில்லை. போட்டி கழுத்தை நெரிக்கும் நேரத்தில் தெரிந்த ஆளை அனுப்புவது ஆபத்து என்கிறேன்.

மத்திகிரி_சிறுதொழில்:
டை வாய் சிதறினால் என் போன்ற பட்டறையில் ஒரு மாத லாபமே போய்விடும், அதை மறுக்க முடியாது. டூல்ரூம் ஐயா, வாரத்தில் மூன்று நாள் என் பட்டறைக்கு வர முடியுமா? பழைய சம்பளக் கணக்கில் தர எனக்குச் சக்தியில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டூல்ரூம்_ஓசூர்:
குறைந்த சம்பளத்துக்கு வருவது எனக்கு வலிக்கத்தான் செய்யும், மகளின் கல்லூரிக் கட்டணம் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனாலும் வருகிறேன், ஒரு நிபந்தனையோடு. இந்தப் பாலக்கோட்டுத் தம்பி மாதிரி இரண்டு பேர் முழு ஷிப்டும் என்னோடு நிற்க வேண்டும். பயிற்சிக் காலம் முடிந்ததும் அவர்களை அனுப்பக் கூடாது.

மத்திகிரி_சிறுதொழில்:
ஒருவரை நிரந்தரமாக்குகிறேன். இரண்டாவது ஆளுக்கு ஆர்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாலக்கோடு_டிப்ளமோ:
அந்த ஒருவராக வர நான் தயார் சார். நிரந்தரம் என்பதை மட்டும் முதல் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள்.